சரசு கேட்காமல் வைத்த பாட்டு

விடிந்தும் விடியாத நேரம். செவலைப் பசுவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சரசு பால் கறந்துகொண்டிருந்தாள். தலையைச் சுற்றி ஒரு துண்டு. அது தாடைக்கு அடியில் போய், உச்சந்தலையில் முடிச்சாக நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பகீரென்றது.

"ஏம் புள்ள, பல்லு வலியா?" என்று கத்தினேன். கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும்.

நிமிர்ந்து பார்த்தாள். பால் நுரை ஒட்டிய விரலை உதட்டில் வைத்து, "சித்தெ சும்மா இருங்க நங்கையா. மார்க்குப் போட்டுட்டிருக்கறாங்க" என்றாள்.

சரசு என் வீட்டுக்காரரின் தங்கை. அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்று கூப்பிடுவது, கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வழக்கம். அவள் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். கிட்டே போய்ப் பார்த்தேன். துண்டுக்குள், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்போடு அழுத்தி, செல்போனைக் கட்டி வைத்திருந்தாள். கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில் இருபது முப்பது நாடுகள் ஆளுக்கொரு பாட்டைப் பாடி முடித்து, ஒருவருக்கொருவர் மார்க் போட்டுக்கொண்டிருந்தன. அங்கே ராத்திரி நடக்கிற அந்தப் போட்டி, இங்கே பால் கறக்கும் நேரத்தில் முடியும்.

"இந்தக் கூத்துக்கா அழுகறே? நான் என்னமோ ஏதோன்னு ஓடியாறேன்!"

எரிந்து விழுந்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பைத்தியம் பிடித்த கதை

சரசு பத்தாவது வரை படித்தவள். ஆறு மாடு, இரண்டு ஏக்கர் தென்னை, கொஞ்சம் சோளத்தட்டு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது இருப்பார். அவள் பாட்டு கற்றவள் இல்லை. கோயில் பஜனைக்குக் கூடப் போனதில்லை.

கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் காதர் ராவுத்தர்தான் அவளுக்குப் புது டிவி கொண்டுவந்து மாட்டியவர். நெட் வருகிறதா என்று பார்க்க எதையோ அழுத்தினார். வந்து விழுந்தது அந்தப் போட்டி. புகைக்கு நடுவே ஒரு பெண் வெறுங்காலோடு நின்று பாடிக்கொண்டிருந்தாளாம். ராவுத்தர் மாற்றப் போனார். "இருக்கட்டுங்க ராவுத்தரே" என்றிருக்கிறாள் சரசு. அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

போட்டி வருவது சித்திரை கழிந்து. ஆனால் சரசுவுக்கு அது தையிலேயே ஆரம்பித்துவிடும். பொங்கல் முடிந்ததும் ஒவ்வொரு நாடாகத் தன் பாட்டைத் தேர்ந்தெடுத்து வெளியே விடும். அதைத் தேடிப் பிடித்துக் கேட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இவள் மார்க் போடுவாள். நாட்டின் பெயர் வாயில் நுழையாது. அதனால் எல்லோருக்கும் இவளே பெயர் வைத்துவிட்டாள். தாடிக்காரன், ரெட்டைக் குழலு, பெரிய மூக்கு, பொட்டியைத் தட்டறவன். ஒரு வருடம் ஜெயித்தவளுக்கு இவள் வைத்த பெயர் 'சீக்குக் கோழி'. அந்தப் பெண் ஒல்லியாக, கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். தையிலேயே சரசு சொல்லிவிட்டாள், "சீக்குக் கோழிதான் அடிக்கும், பாத்துட்டே இருங்க" என்று. அடித்தது.

"ஒரு எழுத்துப் புரியாது உனக்கு. அப்புறம் எப்படிடீ மார்க் போடறே?" என்று ஒரு நாள் கேட்டேன். முப்பது வருடம் தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு வேறெப்படிக் கேட்கத் தோன்றும்?

"அட, போங்க நங்கையா. கரண்ட் ஆபீசு, வில்லேஜ் ஆபீசு, பேங்கி, எல்லா எடத்துலயும் மலையாளத்துல எழுதுன தாளு. பாதி புரியாமத்தானுங்க வாழ்நாள் பூராம் கையெழுத்துப் போட்டுட்டிருக்கறோம். பாட்டு மட்டும் புரிஞ்சே ஆகோணுமாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கூட்டல் பட்டன்

காது போய்க்கொண்டிருந்தது எங்களுக்கு முதலில் தெரியவில்லை. டிவி சத்தம்தான் தெரிந்தது. வாய்க்கால் தாண்டி எங்கள் அடுக்களை வரை அந்த நாட்டுக்காரர்கள் வந்து பாடிவிட்டுப் போவார்கள். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கியவள் நான். அந்த டிவியை என்னால் அடக்க முடியவில்லை. அவளுடைய ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும் பட்டன் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. அதன் மேல் போட்டிருந்த கூட்டல் குறி அழிந்தே போயிற்று. பக்கத்திலிருந்த கழித்தல் குறி மட்டும் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்தபடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஒரு தடவை கோயம்புத்தூருக்குப் போகும்போது வாளையாறு செக்போஸ்டில் எங்கள் பஸ் மாட்டிக்கொண்டது. முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் ஆரன். எனக்கு மண்டை இடித்தது. சரசு மட்டும் குஷியாகப் பேசிக்கொண்டு வந்தாள். நான் சொன்னதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். வீட்டில் பத்துத் தடவை கூப்பிட்டால் திரும்பாதவளுக்கு இந்த இரைச்சலில் எப்படிக் கேட்கிறது? அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

அவள் துண்டு கட்டிக்கொண்டு அழுததற்கு அடுத்த வருடம்தான் அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் அதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டார். இரைச்சலில் எல்லோரும் தாங்களாகவே கத்திப் பேசுவார்களாம். இந்த மாதிரிக் காதுக்காரர்களுக்கு அந்த இரைச்சல் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, பேச்சு மட்டும் உள்ளே போகும். காதுக்குள்ளே அரிசி மணியை விடச் சின்னதாக ஓர் எலும்பு. அது இறுகிப் போயிருக்கிறது. சத்தம் வந்து தட்டினால் ஆடாது. எலும்பு வழியாகப் போனால் கேட்கும் என்று டாக்டர் சொன்னபோது, சரசு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். துண்டும் செல்போனும் அவள் தானாகவே கண்டுபிடித்த வைத்தியம்.

ஆபரேஷன் செய்து அந்த எலும்புக்குப் பதில் ஒரு துணுக்கு வைக்கலாம், பெரும்பாலும் நன்றாகக் கேட்கும் என்றார். எப்போதாவது ஒருவருக்கு இருப்பதும் சுத்தமாகப் போய்விடுவது உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டியது என் கடமை என்றார். இடது காதில் நரம்பே பாதிக்கு மேல் போயிருந்ததால் அதில் செய்து பயனில்லை. செய்யப் போவது வலது காதில்.

அவர் கொடுத்த தேதி வைகாசியில். பாட்டுப் போட்டியின் கடைசிச் சுற்றுக்குச் சரியாக மூன்று நாள் முன்னால். அதை விட்டால் அவர் வெளிநாடு போய்த் திரும்பி வந்த பிறகுதான், ஆவணி ஆகிவிடும்.

வெள்ளைப் பூ

"போட்டி முடியட்டும், ஆவணியில பாத்துக்கலாம்" என்றாள் சரசு.

எனக்கு வந்ததே கோபம்! "காது பெருசா, கண்டவன் பாட்டுப் பெருசா?" என்று வாய்க்கால் கரையில் நின்று சத்தம் போட்டேன். அவள் சோளத்தட்டு அறுத்துக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றாள். அவளுடைய வீட்டுக்காரர் எங்கேயோ ஆந்திராவில் இருந்துகொண்டு, "மச்சான் சொல்றபடி செய்யட்டும்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். அவர் வாயே திறக்காத மனிதர். தங்கை விஷயம் என்றால் இன்னும் மோசம்.

கடைசியில் அவர் சொன்னது, "பூக் கேட்டுரலாம்."

கல்யாணம் ஆனாலும், கிணறு வெட்டுவதானாலும் எங்கள் ஆட்கள் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து, ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். யாருக்குக் காரியமோ அவர் கேள்வியை மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நிற்கிற ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். சரசு கண்ணை மூடிக் கும்பிட்டாள். ரொம்ப நேரம் கும்பிட்டாள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் வெள்ளை.

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சாமியே சொல்லிருச்சு. டாக்டரு சொன்ன தேதியிலயே வெச்சுக்கலாம்" என்றார். நான் சரசுவைப் பார்த்தேன். அவளுக்கும் வாயெல்லாம் பல்!

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அட, மடச் சனங்களா! கேள்வியை நினைத்தது அவள். 'டாக்டர் சொன்ன தேதியில் செய்யட்டுமா' என்றுதான் நினைத்தாள் என்று யார் கண்டது? 'போட்டி முடிந்தபின் போகட்டுமா' என்று கேட்டிருந்தால்? அதற்குத்தானே இந்த வெள்ளைப் பூ வந்திருக்கும்? சாமியைக் கேட்கப் போன நாங்கள் சரசுவைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

"ஏம் புள்ள, என்னன்னு கேட்டே?"

"சொன்னாப் பலிக்காதுங்க நங்கையா."

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை உறுதி செய்தார். தங்கை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றைக்குக் காலையில் கார் வந்து நின்று, இவள் வரமாட்டேன் என்று மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது?

கார் வந்தது. சரசு குளித்து, தலை பின்னி, பையோடு வாசலில் நின்றாள்.

சாக்கு

ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போது அவளே சொன்னாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்று சொன்னாள்.

"மொதல்ல, கடைசியா ஒரு தடவ கேட்டுட்டுப் போயரலாம்னுதானுங்க நெனச்சேன். சாமி முன்னால நிக்கறப்பத்தான் மனசு மாறுச்சு. கேட்டுட்டுப் போயி, அப்புறம் ஒண்ணுமே கேக்காமப் போச்சுன்னா, அதுதான் கடைசின்னு ஆயிருமில்லீங்க? கேக்காம வெச்சுட்டுப் போனா, திரும்பி வாரதுக்கு ஒரு சாக்கு இருக்கும். அதையத்தான் கேட்டேன். 'வெச்சுட்டுப் போகட்டுமா சாமீ'ன்னு."

வருடம் முழுவதும் காத்திருந்து, தையிலிருந்து மார்க் போட்டுப் போட்டு வைத்திருந்த ஒன்றை, கைக்கு எட்டின நேரத்தில் எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறாள். எனக்கு அந்தத் தைரியம் வராது. சத்தியமாக வராது.

"யாரு ஜெயிச்சாங்கன்னு மட்டும் யாரும் எங்கிட்டச் சொல்லப்படாது. சொன்னீங்க, கெட்ட கோபம் வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செவலை செய்த அழும்பு

ஆஸ்பத்திரியில் அவளோடு இருக்க அவளுடைய வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஆறு மாடு என் தலையில் விழுந்தது. நான் மாட்டைத் தொட்டே இருபது வருடம் இருக்கும். ஐந்து மாடுகள் போனால் போகிறது என்று பால் கொடுத்தன. செவலை மட்டும் காலை உதறி, பால் வாளியை உருட்டி, என்னைப் பால் சொசைட்டிக்காரிகள் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தது.

"அதுக்குப் பாட்டு வேணுமுங்க டீச்சரே" என்றாள் ஒருத்தி. "சரசக்கா பாடிட்டேதான் கறக்கும்."

என்ன பாட்டு? அந்த வருடம் சரசுவின் காலண்டர் தாளில் முதலிடம் 'செம்பட்டைத் தலைக்காரி'க்கு. எப்போதும் பனி கொட்டுகிற ஏதோ ஒரு குட்டி நாட்டுக்காரி. தையிலிருந்து அந்தப் பாட்டைத்தான் சரசு முனகிக்கொண்டிருந்தாள். கடைசிப் போட்டி நடந்த அந்த விடியற்காலையில், சொன்னால் வெட்கக்கேடு, நான் போனைத் தீவனத் தொட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கறக்க உட்கார்ந்தேன். மாட்டுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செம்பட்டைத் தலைக்காரி வந்தாள். பின்னால் ஆட்டக்காரர்கள் இல்லை, புகை இல்லை. ஒற்றை விளக்கு. அவள் மெதுவாக ஆரம்பித்தாள். செவலை காலை ஊன்றிக்கொண்டு நின்றது. எனக்கும் ஓர் எழுத்துப் புரியவில்லை. ஆனால் யாரையோ வழியனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்கிறவளின் பாட்டு அது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காதுக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறவள் நினைவுக்கு வந்தாள். பால் கறந்துகொண்டே அழுதேன். முந்தின வருடம் சரசு அழுதபோது நான் என்ன சொல்லித் திட்டினேன் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

பிறகு மார்க் போட்டார்கள். யார் ஜெயித்தது என்று இங்கேயும் சொல்ல மாட்டேன். வாயைக் கட்டிக் கட்டி அதுவே பழக்கமாகிவிட்டது.

முகத்தைக் காட்டாதீர்கள்

சரசு வீட்டுக்கு வந்தாள். தும்மக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இரண்டு வீட்டிலும் மிளகாய் வறுப்பதை நிறுத்திவிட்டோம். கட்டைப் பிரித்த பிறகும் காதில் பஞ்சு இருந்தது.

எங்களுக்கு வந்த சோதனை வேறு. காது மந்தமான வருடங்களில் அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் படிக்கப் பழகியிருந்தாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. நான் சோற்றுத் தட்டோடு போனால், "உங்க மொகத்துல எழுதி ஒட்டியிருக்குதுங்க நங்கையா, அக்கட்டத் திரும்புங்க" என்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சோறு போட்டேன். காதர் ராவுத்தர் கடைசிப் போட்டியை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துவிட்ட பாவத்துக்கு வாசலிலேயே நின்று, என் கையில் திணித்தார். "நான் உள்ள வர்லீங்க டீச்சரே. எனக்கு மூஞ்சி நிக்காது" என்று ஓடியே போய்விட்டார்.

பஞ்சை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி நான்கு நாள் ஆயிற்று. சரசு எடுக்கவில்லை. அவளுக்குப் பயம். எங்களுக்கும் பயம். கேட்கிறதா என்று அவளிடம் கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் வாய்க்கால் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சோறு உண்டபின் அவளே, "போடுங்க, பாத்துரலாம்" என்றாள்.

பென்டிரைவைச் செருகினேன். அண்ணன் கதவோரம் நின்றார். அவளுடைய வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டார். சரசு பஞ்சை எடுத்து, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் பழக்க தோஷத்தில் அந்த வழுக்கைப் பட்டனை அழுத்திப் பிடித்து, சத்தத்தை எப்போதும் போல முழுசாக வைத்துவிட்டு, பாட்டைத் தொடங்கினேன்.

கூட்டம் ஓவென்று கத்தியது. சரசு விலுக்கென்று துள்ளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முகம் கோணிவிட்டது. அண்ணன் "அம்முணீ!" என்று பாய்ந்து வந்தார். போச்சு, எல்லாம் போச்சு, அவசரப்பட்டுக் காதைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"அய்யோ, சத்தத்தக் கொறைங்க நங்கையா!" என்று கத்தினாள் சரசு. "என்னங்க இது, காது கிழியுது! இப்படியா வெப்பாங்க? ஊருக்காரங்க என்ன நெனப்பாங்க?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் ரிமோட்டைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் எந்தப் பட்டன் என்று தெரியவில்லை. விரலால் தடவித் தேடினேன். தேயாத ஒன்று கையில் பட்டது. அழுத்தினேன்.